முதலில் முகவரியைப் படியுங்கள்: மெமரி பிழைகளை அறிகுறி பார்த்துப் பிடிக்கும் வழி

சி நிரலோ சி++ நிரலோ, தொடக்கூடாத மெமரியைத் தொட்டதால், ‘செக்மென்டேஷன் ஃபால்ட்’ என்று ஒரே ஒரு வரி சொல்லிவிட்டு நின்றுவிட்டால், கை உடனே மூல நிரலைத்தான் திறக்கும். சந்தேகப்படும் இடமெல்லாம் பிரின்ட்எஃப் போட்டு மறுபடி ஓட்டுவோம். நானும் பல வருடம் அப்படித்தான் தேடினேன். பல சமயம் பிரின்ட்எஃப் சேர்த்ததுமே பிழை காணாமல் போகும், எடுத்ததும் திரும்ப வரும். ஒரு வரி கூடினாலே கம்பைலர் ரெஜிஸ்டர்களை (பிராசஸருக்குள் இருக்கும் சிறு சேமிப்பிடங்களை) வேறு விதமாகப் பங்கிடுகிறது. ஸ்டாக்கில், அதாவது ஃபங்ஷன்களின் உள்ளூர் மாறிகள் இருக்கும் மெமரிப் பகுதியில், மாறிகள் இடம் மாறுகின்றன. தவறான முகவரி இப்போது வேறு எதன் மேலோ போய் விழுகிறது. பிழை அங்கேயேதான் இருக்கிறது, நம் கண்ணுக்குத்தான் தெரியவில்லை.

அதனால் இப்போதெல்லாம் நான் முதலில் பார்ப்பது, பிராசஸர் எந்த முகவரியைத் தொடப்போய்த் தடுக்கப்பட்டது என்பதை. தவறு நம் கணக்கில் இருக்கிறதா, கம்பைலரிடம் நாம் சொன்ன சொல்லை மீறியதில் இருக்கிறதா, கம்பைல் ஆன துண்டுகளை ஒரே நிரலாக இணைக்கும் லிங்கர் வைத்த இடத்தில் இருக்கிறதா என்பது பெரும்பாலும் அந்த எண்ணின் தோற்றத்திலேயே தெரிந்துவிடும்.

அந்த எண்ணை உருவாக்குவது யார் என்று முதலில் பார்ப்போம். ஓர் அரேயின் ஐ-ஆவது உறுப்பில் உள்ள ஒரு புலத்தைக் கேட்கிறீர்கள். கம்பைலர் அதை ‘தொடக்க முகவரி, கூட்டல் ஐ பெருக்கல் உறுப்பின் அளவு, கூட்டல் புலத்தின் தூரம்’ என்று மாற்றுகிறது. எக்ஸ்86-64 பிராசஸரில் இந்த மூன்றையும் ஒரே கட்டளைக்குள் எழுதலாம். ஆனால் பெருக்கும் எண் 1, 2, 4, 8 என்ற நான்கில் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். உறுப்பின் அளவு 24 பைட் என்றால், கம்பைலர் முதலில் ஐ-யை மூன்றால் பெருக்கி வைத்துக்கொண்டு பிறகு 8 என்ற பெருக்கியைப் பயன்படுத்தும். ரிஸ்க்-ஃபைவ் வகைப் பிராசஸரில் இந்த வசதி கிடையாது. ஒரு ரெஜிஸ்டரோடு 12 பிட் எண் ஒன்றைக் கூட்டலாம், அவ்வளவுதான். மீதிக் கணக்கைத் தனிக் கட்டளைகளாகக் கம்பைலர் எழுத வேண்டும். வாக்ஸ் போன்ற பழைய இயந்திரங்களில் முகவரி சொல்லும் முறைகள் ஏராளமாக இருந்தன. கம்பைலர்கள் அவற்றில் ஒரு சிலவற்றைத்தான் அதிகம் பயன்படுத்தின. 1970களில் ஜான் காக் முன்னின்று செய்த ஐபிஎம் 801 ஆய்வு, வன்பொருளை எளிமையாக வைத்து இந்த வேலையைக் கம்பைலரிடம் விடலாம் என்று காட்டியது. ஆக, நீங்கள் பார்க்கும் முகவரியில் பாதிக் கணக்கு நீங்கள் எழுதியதே அல்ல.

தொடங்கும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

நிரலை டிபக் தகவலோடு கம்பைல் செய்யுங்கள், ஆனால் ஆப்டிமைசேஷன் நிலையை மாற்றாதீர்கள். ஓ2 என்ற உயர்ந்த நிலையில் விழும் நிரலை, ஆப்டிமைசேஷனே இல்லாத ஓ0-வில் கம்பைல் செய்து தேடினால் நீங்கள் தேடுவது வேறொரு நிரலை.

ஜிடிபி என்ற டிபக்கரில் மூன்று விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: விழுந்த இடத்தில் உள்ள கட்டளை, எல்லா ரெஜிஸ்டர்களின் மதிப்பு, மெமரி வரைபடம். லினக்ஸில் இன்னொன்றும் கைகொடுக்கும். கர்னல் பதிவில் ‘செக்ஃபால்ட் அட்’ என்று தொடங்கும் வரியின் பின்பகுதியில் ‘எரர்’ என்று ஓர் எண் இருக்கும். மெமரி ‘பக்கம்’ என்ற துண்டுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். எக்ஸ்86-ல் 4 என்றால் இல்லாத பக்கத்தைப் படிக்கப் போனது. 6 என்றால் இல்லாத பக்கத்தில் எழுதப் போனது. 7 என்றால் பக்கம் இருக்கிறது, எழுத அனுமதி இல்லை. ஸ்ட்ரிங் மாறிலி ஒன்றின் மேல் எழுதினால் இந்த 7 வரும். அந்த எண் ஹெக்ஸில், அதாவது 16 அடிமான எண்ணாக, அச்சாகிறது. 14 அல்லது 15 என்று வந்தால் கட்டளையை எடுக்கப் போன இடமே தவறு, அதாவது ஃபங்ஷன் பாயிண்டரோ திரும்பும் முகவரியோ கெட்டிருக்கிறது. இந்த ஓர் எண்ணை மட்டும் பார்த்தே தேடலைப் பாதியாகக் குறைத்த நாட்கள் எனக்கு உண்டு.

விழுந்த இடத்து முகவரியை நிரல் கோப்பைப் பிரித்துக் காட்டும் ஆப்ஜ்டம்ப் கருவி தரும் முகவரியோடு ஒப்பிட்டால் பொருந்தவில்லையா? இன்றைய நிரல்கள் ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் ஏற்றப்படுகின்றன. வரைபடத்தில் நிரல் ஏற்றப்பட்ட தொடக்க முகவரியைக் கழித்துவிட்டு ஒப்பிடுங்கள்.

அறிகுறி: முகவரி மிகச் சிறிய எண்

8, 18, 40 என்று ஹெக்ஸில் சின்ன எண் வந்தால் அது நல் பாயிண்டர், அதாவது எதையும் சுட்டாத, மதிப்பு 0 ஆன பாயிண்டர். எண் 0 ஆக இல்லையே என்று குழம்ப வேண்டாம். ஹெக்ஸ் 18 என்பது 24. நல் பாயிண்டர் வழியாக, கட்டமைப்பின் தொடக்கத்திலிருந்து 24 பைட் தள்ளி இருக்கும் புலத்தைத் தொட்டிருக்கிறீர்கள். ஜிடிபியில் ‘பிடைப்’ கட்டளைக்குப் பின் சாய்கோடும் ஓ-வும் சேர்த்துக் கட்டமைப்பின் பெயரைக் கொடுத்தால், எந்தப் புலம் எத்தனை பைட் தள்ளி இருக்கிறது என்று காட்டும். 24-ல் இருக்கும் புலம் எது என்று தெரிந்தால், ஒரே வரியில் நான்கு பாயிண்டர்கள் சங்கிலியாக இருந்தாலும் எது நல் என்று சொல்லிவிடலாம்.

ஹெக்ஸில் எல்லாம் எஃப்-ஆக வந்து கடைசி இலக்கம் மட்டும் 8 என்றிருந்தால், நல்லிலிருந்து 8 பைட் பின்னால் போயிருக்கிறீர்கள். தலைப்புத் தகவலைத் தரவுக்கு முன்னால் வைக்கும் அமைப்புகளில் இது சகஜம்.

இதில் ஒரு கிளை இருக்கிறது. ‘நான் நல் சோதனை எழுதியிருக்கிறேன், ஆனாலும் உள்ளே போகிறது’ என்பார்கள். அப்படியென்றால் சோதனைக்கு முந்தைய வரிகளைப் பாருங்கள். பாயிண்டரைச் சோதிக்கும் முன்பே அதன் வழியாக எதையாவது படித்திருந்தால், கம்பைலர் இப்படி எண்ணும்: ‘நல் பாயிண்டர் வழியாகப் படிப்பது மொழி விதிப்படி செல்லாது, படித்துவிட்டார்கள், ஆக இது நல் அல்ல, பின்னால் வரும் சோதனை வீண்.’ சோதனையை நீக்கிவிடும். 2009-ல் லினக்ஸ் கர்னலின் டன் என்ற நெட்வொர்க் டிரைவரில் இதுதான் நடந்தது. ஒரு பாயிண்டரின் உள்ளே இருந்த புலத்தை மாறியில் எடுத்துக்கொண்டு, அடுத்த வரியில் அதே பாயிண்டர் நல்லா என்று கேட்டிருந்தார்கள். கம்பைலர் அந்தக் கேள்வியை அகற்றியதால் அது பாதுகாப்பு ஓட்டையாகவே ஆனது. அதன் பிறகு நல் சோதனைகளை நீக்காதே என்று சொல்லும் கம்பைலர் கொடியோடுதான் கர்னல் கட்டப்படுகிறது. உங்கள் நிரலுக்கு அந்தக் கொடி தேவையில்லை. சோதனையை முன்னால் கொண்டுவந்தால் போதும்.

அறிகுறி: முகவரி 0 என்கிறது, ஆனால் நல் பாயிண்டர் எங்கும் இல்லை

எனக்கு மிக அதிக நேரம் பிடித்த அறிகுறி இது. தெரிந்தவர் ஒருவர் சொல்லியிருந்தால் ஒரு நாள் மிச்சமாகியிருக்கும், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எக்ஸ்86-64-ல் பாயிண்டர் 64 பிட். ஆனால் வழக்கமான நான்கு நிலைப் பக்க அட்டவணையில் முகவரிக்கு உண்மையில் பயன்படுவது 48 பிட்தான். மேலே மிஞ்சும் 16 பிட்டும் 47 என்று எண்ணிடப்பட்ட பிட்டின் நகலாக இருக்க வேண்டும் என்பது பிராசஸர் விதி. அப்படி இல்லாத முகவரியைக் கொடுத்தால் பிராசஸர் பக்க அட்டவணையைத் திறந்துகூடப் பார்க்காது. பக்கப் பிழைக்குப் பதிலாக ‘ஜெனரல் புரொடெக்ஷன்’ பிழையை எழுப்பும். அந்த வகைப் பிழையில் எந்த முகவரி தவறு என்ற தகவலைப் பிராசஸர் கொடுப்பதில்லை. லினக்ஸ் அதைச் செக்மென்டேஷன் ஃபால்ட்டாக மாற்றி அனுப்பும்போது முகவரி இடத்தில் 0 இருக்கும். நாம் அதைப் பார்த்து நல் என்று நினைத்துவிடுகிறோம்.

எனவே 0 என்று வந்தால், கர்னல் பதிவில் ‘செக்ஃபால்ட் அட்’ என்றிருக்கிறதா, ‘ஜெனரல் புரொடெக்ஷன் ஃபால்ட்’ என்றிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாவது என்றால், கட்டளையில் உள்ள ரெஜிஸ்டர்களை ஒவ்வொன்றாக எடுத்துப் படியுங்கள். ஒரு ரெஜிஸ்டரில் 4141414141414141 என்று இருந்தால் அது முகவரியே அல்ல, ஆஸ்கி எழுத்துகள். ஹெக்ஸ் 41 என்பது ஆங்கிலப் பெரிய எழுத்து ‘ஏ’. 20 என்பது இடைவெளி, 30 முதல் 39 வரை இலக்கங்கள். ஏதோ ஒரு ஸ்ட்ரிங் தன் எல்லையைத் தாண்டிப் பாயிண்டர் மேல் எழுதிவிட்டது. எழுத்துகளை வரிசையாகப் படித்துப் பாருங்கள். பைட்கள் பின்னிருந்து முன்னாக அடுக்கப்பட்டிருக்கும் என்பதால் தலைகீழாகப் படிக்க வேண்டும். எந்த ஸ்ட்ரிங் என்று பல சமயம் அதிலேயே தெரியும். ஹெக்ஸில் ‘6பி’ என்ற பைட் திரும்பத் திரும்ப வந்தால், அது லினக்ஸ் கர்னல் விடுவித்த இடத்தை நிரப்பும் அடையாளம். விண்டோஸின் டிபக் நூலகத்தில் ‘சிடி’ என்றால் இன்னும் மதிப்பு கொடுக்காத ஹீப் (நிரல் ஓடும்போது கேட்டு வாங்கும் மெமரி), ‘டிடி’ என்றால் விடுவித்த ஹீப்.

பிராசஸர் இப்படிக் கறாராக இருப்பதற்கு வரலாறு இருக்கிறது. மோட்டோரோலா 68000 பிராசஸரில் ரெஜிஸ்டர் 32 பிட், வெளியே வந்த முகவரிக் கம்பிகள் 24 பிட்டுக்குத்தான். மேல் 8 பிட்டை அது பார்ப்பதே இல்லை. தொடக்க கால மேக்கின்டாஷ் மெமரி மேனேஜர் அந்த 8 பிட்டில் தன் குறிப்புகளை வைத்துக்கொண்டது. பிறகு 68020 வந்து முழு 32 பிட்டையும் முகவரியாக எடுத்துக்கொண்டபோது, அந்தப் பழக்கத்தில் எழுதிய நிரல்களைத் திருத்த வேண்டியதாயிற்று. மேல் பிட்கள் சரியாக இருந்தே தீர வேண்டும் என்ற விதி இருந்தால் யாரும் அங்கே எதையும் வைக்க மாட்டார்கள், நாளை 57 பிட்டுக்கு விரித்தாலும் பழைய நிரல் கெடாது. ஆர்ம் 64 வேறு வழியில் போனது. மேல் பைட்டைப் புறக்கணிக்கும் வசதியை அதிகாரபூர்வமாகவே வைத்திருக்கிறது. அதனால் பாயிண்டரின் மேல் பைட்டில் குறி வைத்த நிரல் ஆர்மில் ஓடி, எக்ஸ்86-ல் இதே அறிகுறியோடு விழும். அப்படியானால் தொடும் முன் குறியை நீக்கும் வரி எங்கோ விடுபட்டிருக்கிறது.

அறிகுறி: முகவரியின் மேல் பாதி முழுக்க 0, அல்லது முழுக்க எஃப்

64 பிட் லினக்ஸில் பெரிய ஹீப் பகுதிகளும் நூலகங்களும் ‘7எஃப்’ என்று தொடங்கும் உயரத்தில் இருக்கும். ரெஜிஸ்டரில் கீழ் 32 பிட் மட்டும் இருந்து மேலே வெறும் 0 அல்லது வெறும் எஃப் என்றால், பாயிண்டர் எங்கோ ஒரு 32 பிட் இன்ட் வழியாகப் போய் வந்திருக்கிறது. கீழ்ப் பாதியின் மேல் பிட் 0 என்றால் மேலே 0 நிரம்பும், 1 என்றால் எஃப் நிரம்பும். ஒவ்வொரு ஓட்டத்திலும் முகவரி மாறுவதால் ஒரே நிரல் ஒரு நாள் இப்படியும் மறுநாள் அப்படியும் விழும்.

பழைய சி நிரல்களில் இதற்கு முதல் காரணம், தேவையான ஹெடரைச் சேர்க்காமல் விட்டது. அறிவிப்பு இல்லாத ஃபங்ஷன் இன்ட் திருப்பித் தரும் என்று கம்பைலர் எடுத்துக்கொள்ளும். மெமரி கேட்டு வாங்கும் மால்லாக் ஃபங்ஷன் கொடுத்த 64 பிட் முகவரியின் கீழ்ப் பாதியை மட்டும் எடுத்து, குறியோடு நீட்டித்துவிடும். சின்ன மால்லாக் எல்லாம் ஒழுங்காக ஓடி, பெரியது மட்டும் விழுகிறதா? நிரல் தாழ்ந்த நிலையான முகவரியில் ஏற்றப்படும் பழைய வகையாக இருந்தால், ஹீப் 2 ஜிபிக்குக் கீழேயே தொடங்கும், வெட்டினாலும் மதிப்பு மாறாது. லினக்ஸின் சி நூலகமான ஜிலிப்சி சுமார் 128 கேபிக்கு மேல் கேட்டால் தனி மெமரி மேப் போடும், அது உயரத்தில் இருக்கும், வெட்டுப்படும். கம்பைல் செய்யும்போது வரும் எச்சரிக்கையைப் படித்தாலே இது தீர்ந்துவிடும். இந்த வகை அறிவிப்பற்ற அழைப்பை சி99-லேயே மொழியிலிருந்து நீக்கிவிட்டார்கள். ஜிசிசி 14-லிருந்து அது எச்சரிக்கையாக இல்லாமல் பிழையாகவே நிற்கிறது.

இரண்டாவது காரணம், பாயிண்டரை ‘லாங்’ மாறியில் வைப்பது. லினக்ஸ் 64-ல் லாங் 64 பிட், விண்டோஸ் 64-ல் 32 பிட். முகவரியை எண்ணாக வைக்கத்தான் வேண்டும் என்றால் அதற்கென்றே ‘யுஇன்ட்பிடிஆர்_டி’ இருக்கிறது.

நீங்களே அசெம்பிளி எழுதுபவர் என்றால் ஒன்று: இன்ட் அளவுருவாக வரும் ரெஜிஸ்டரின் மேல் 32 பிட்டில் என்ன இருக்கும் என்று யுனிக்ஸ் வகை எக்ஸ்86-64 அழைப்பு விதி உறுதி தருவதில்லை. அதை நேராக இன்டெக்ஸாகப் போட்டால் ஒரு கம்பைலரோடு ஓடும், இன்னொன்றோடு விழும். முதலில் குறியோடு 64 பிட்டுக்கு நீட்டியுங்கள்.

அறிகுறி: சின்னத் தரவுக்கு ஓடுகிறது, பெரியதற்கு விழுகிறது

விழுந்த முகவரியிலிருந்து அரேயின் தொடக்க முகவரியைக் கழியுங்கள். விடையை உறுப்பின் அளவால் வகுங்கள். வருவது ஏறக்குறைய மைனஸ் 200 கோடி என்றால் குறியுள்ள 32 பிட் பெருக்கல் நிரம்பி வழிந்திருக்கிறது. ஏறக்குறைய பிளஸ் 430 கோடி என்றால் குறியற்ற 32 பிட்டில் 0-விலிருந்து ஒன்றைக் கழித்திருக்கிறீர்கள்.

முதல் வகைக்கு நான் எப்போதும் நினைவில் வைத்திருக்கும் எண் 46,341. அதன் வர்க்கம் 2,14,74,88,281. குறியுள்ள 32 பிட் எண் தாங்கக்கூடியது 2,14,74,83,647 வரைதான். பக்கத்துக்கு 46,340 உள்ள சதுர அணி வரை ஓடும், ஒன்று கூடினால் கடைசி வரிசையில் கணக்கு மைனஸுக்குப் போய்விடும். வரிசை எண்ணையும் அகலத்தையும் இன்ட்டாகப் பெருக்கி, விடையை 64 பிட் மாறியில் வைத்தால் பயனில்லை, வழிதல் அதற்கு முன்பே நடந்துவிட்டது. பெருக்கும் முன் ஒன்றையாவது ‘சைஸ்_டி’ அல்லது ‘பிடிஆர்டிஃப்_டி’ ஆக மாற்ற வேண்டும்.

இங்கே கம்பைலரின் பங்கு விசித்திரமாகத் தெரியும். இந்தப் பிழை ஓ0-வில் விழுந்து ஓ2-வில் ஒழுங்காக ஓடுவதும் உண்டு. குறியுள்ள எண் வழியவே வழியாது என்று மொழி விதி கம்பைலருக்கு உறுதி தருகிறது. அதை நம்பி அது லூப் மாறியை 64 பிட்டாக விரித்து, ஒவ்வொரு சுற்றிலும் பெருக்குவதற்குப் பதிலாக ஒரு பாயிண்டரை நகர்த்திக்கொண்டே போகும். 32 பிட் கணக்கே நடக்காததால் வழியவும் வழியாது. நல்லதுதானே என்று விட்டுவிடாதீர்கள். அடுத்த கம்பைலர் பதிப்பில் இது மாறலாம். மொழி விதி மீறல்களை ஓடும்போதே பிடிக்கும் யுபிசான் கொடியோடு ஒரு முறை ஓட்டினால் வரி எண்ணோடு காட்டிவிடும்.

குறியற்ற எண்ணுக்கு வழிதல் சட்டப்படி சரி, 32 பிட்டில் சுற்றி வர வேண்டும். அதனால் கம்பைலரால் அதைத் தாராளமாக விரிக்க முடியாது, யுபிசானும் வழக்கமாக எதுவும் சொல்லாது. முகவரிக் கணக்கில் வேகமும் குறைந்து, பிழையும் மறைந்திருக்கும். இன்டெக்ஸுக்கு 32 பிட் குறியற்ற எண்ணை நான் இப்போது எழுதுவதே இல்லை.

டிபக்கரில் லூப் மாறியைக் கேட்டால் ‘ஆப்டிமைஸ்ட் அவுட்’ என்று வருவதும் இதே காரணத்தால்தான். மாறி தொலையவில்லை, அதன் வேலையை ஒரு நகரும் பாயிண்டர் எடுத்துக்கொண்டது. அந்தப் பாயிண்டரிலிருந்து தொடக்கத்தைக் கழித்து வகுத்தால் எத்தனையாவது சுற்று என்று கிடைத்துவிடும்.

அறிகுறி: முகவரி சரியாகவே இருக்கிறது, ஆனாலும் விழுகிறது

கட்டளையின் பெயரைப் பாருங்கள். ‘மூவ்ஏபிஎஸ்’ அல்லது ‘மூவ்டிக்யூஏ’ என்றிருந்து, முகவரியின் கடைசி ஹெக்ஸ் இலக்கம் 0 இல்லை என்றால் சீரமைப்புப் பிழை. அந்தக் கட்டளைகள் 16-ஆல் வகுபடும் முகவரியை மட்டுமே ஏற்கும். இதிலும் ஜெனரல் புரொடெக்ஷன் பிழைதான் எழும், முகவரி 0 என்றுதான் தெரியும்.

முகவரி ஸ்டாக்கில் இருந்தால், கையால் எழுதிய அசெம்பிளியைச் சந்தேகப்படுங்கள். ஃபங்ஷனை அழைக்கும் கணத்தில் ஸ்டாக் பாயிண்டர் 16-ஆல் வகுபட வேண்டும் என்பது அழைப்பு விதி. அழைப்பு 8 பைட் தள்ளுவதால், ஃபங்ஷனின் முதல் கட்டளையில் ஸ்டாக் பாயிண்டரின் கடைசி இலக்கம் 8 ஆக இருக்கும். வேறாக இருந்தால் அழைத்தவர் பக்கம்தான் தவறு. விழுவது மட்டும் பிரின்ட்எஃப் உள்ளே ஆழத்தில் எங்கோ இருக்கும்.

முகவரி உங்கள் தரவில் இருந்தால், பைட் பஃபர் ஒன்றின் நடுவிலிருந்து 32 பிட் பாயிண்டர் எடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். எக்ஸ்86 சாதாரணப் படிப்புகளுக்குச் சீரமைப்பைக் கேட்பதில்லை என்ற நம்பிக்கையில் பலர் இதைச் செய்கிறோம். ஆனால் நீங்கள் எழுதுவது சி மொழியில். 32 பிட் பாயிண்டர் என்று எழுதினால் அது 4-ஆல் வகுபடும் என்று கம்பைலரிடம் சொல்லியாயிற்று. லூப்பை வெக்டர் ஆக்கும்போது, முதல் சில உறுப்புகளைத் தனியாகச் செய்துவிட்டு 16-ஆல் வகுபடும் இடம் வந்ததும் பெரிய கட்டளைக்கு மாறும் பழக்கம் கம்பைலர்களுக்கு உண்டு. தொடக்கமே ஒற்றைப்படை என்றால் அந்த இடம் வரவே வராது. தீர்வு, பைட்களை நகலெடுக்கும் மெம்காப்பி ஃபங்ஷன். 4 பைட் மெம்காப்பியை எக்ஸ்86 கம்பைலர்கள் ஒரே கட்டளையாக மாற்றிவிடும், வேகம் போய்விடுமோ என்று அஞ்ச வேண்டாம். கார்டெக்ஸ் எம்0 போன்ற சின்னப் பிராசஸர்களில் சீரற்ற படிப்பு நேராகவே ஹார்ட் ஃபால்ட் தரும், அங்கே மெம்காப்பியைக் கம்பைலர் தேவையான அளவு உடைத்துக் கொடுக்கும்.

அறிகுறி: விழவில்லை, ஓ2-வில் மட்டும் தொங்குகிறது அல்லது பழைய மதிப்பைக் காட்டுகிறது

தொங்கும் இடத்தில் அசெம்பிளியைப் பாருங்கள். தன்னையே தாவும் ஒரே ஒரு ஜம்ப் கட்டளை இருந்தால் விஷயம் முடிந்தது. கொடி மாறியை லூப்புக்குள் யாரும் மாற்றவில்லை என்று கண்ட கம்பைலர், அதை ஒரு முறை மட்டும் படித்துவிட்டு லூப்பை வெறும் சுழலாக்கிவிட்டது. அந்த முகவரி சாதனத்தின் ரெஜிஸ்டர் என்றால் ‘வோலடைல்’ போடுங்கள். இன்னொரு த்ரெட் எழுதும் மாறி என்றால் வோலடைல் போதாது, ‘அடாமிக்’ வகையாக்குங்கள். வோலடைல், கம்பைலர் படிப்பைத் தவிர்க்காமல் பார்த்துக்கொள்ளும். மற்ற மாறிகளோடு உள்ள வரிசையைப் பிராசஸர் மாற்றாமல் அதனால் பார்த்துக்கொள்ள முடியாது. ஆர்மில் இந்த வேறுபாடு உடனே தெரியும், எக்ஸ்86-ல் பல மாதம் தெரியாமல் இருக்கும்.

பழைய மதிப்பு வருகிறது என்றால், ஒரே முகவரியை இரண்டு வகைப் பாயிண்டர்களால் தொடுகிறீர்களா என்று தேடுங்கள். ஃப்ளோட்டின் பிட்களை இன்ட் பாயிண்டர் வழியாகப் படிப்பது வழக்கமான உதாரணம். வகை வேறென்றால் இடமும் வேறு என்று கம்பைலர் எடுத்துக்கொண்டு, எழுதுவதையும் படிப்பதையும் இடம் மாற்றும். உறுதி செய்ய ‘எஃப்-நோ-ஸ்ட்ரிக்ட்-அலையாஸிங்’ கொடியோடு ஒரு முறை ஓட்டுங்கள். சரியானால் காரணம் இதுதான். லினக்ஸ் கர்னல் அந்தக் கொடியை நிரந்தரமாகவே வைத்திருக்கிறது. சாதாரண நிரலில் இங்கேயும் மெம்காப்பிதான் சுத்தமான வழி.

அறிகுறி: லிங்கர் ‘ரீலொகேஷன் ட்ரங்கேட்டட் டு ஃபிட்’ என்கிறது

கம்பைலர் முகவரிக்கு ஒதுக்கிய இடத்தில் உண்மையான தூரம் அடங்கவில்லை. எக்ஸ்86-64-ல் வழக்கமான மாடலில், அதாவது தூரம் எவ்வளவு இருக்கும் என்று கம்பைலர் எடுத்துக்கொள்ளும் கணிப்பில், அந்த இடம் குறியோடு 32 பிட், இரு பக்கமும் 2 ஜிபி. நிலையான அரேக்கள் சேர்ந்து அதைத் தாண்டினால், அவற்றை மால்லாக்குக்கு மாற்றுங்கள். முடியாவிட்டால் ‘மீடியம்’ மாடலில் கம்பைல் செய்யுங்கள். ‘ஃபிக்’ கொடியோடு மறுபடி கம்பைல் செய் என்று வந்தால் அந்தக் கோப்பை மட்டுமல்ல, அது சேரும் நிலையான நூலகத்தையும் அப்படியே கட்ட வேண்டும்.

ரிஸ்க்-ஃபைவ் 64-ல் இயங்குதளம் இல்லாமல் எழுதுபவர்கள் எல்லாரும் ஒரு முறையாவது இதைச் சந்திப்பார்கள். ‘மெட்லோ’ மாடல் 0-விலிருந்து இரு பக்கமும் 2 ஜிபியைத்தான் எட்டும். கீமு எமுலேட்டரின் ‘விர்ட்’ போர்டில் ராம் தொடங்குவது ஹெக்ஸ் 80000000, சரியாக அந்த எல்லைக்கு வெளியே. ‘மெட்எனி’ மாடலுக்கு மாற்றினால் கட்டளை இருக்கும் இடத்திலிருந்து தூரத்தைக் கணக்கிடும், பிழை போய்விடும்.

அறிகுறி: விடை சரி, வேகம்தான் இல்லை, குறிப்பாக 512, 1024 போன்ற அளவுகளில்

500 அகல அணியை விட 512 அகல அணி மெதுவாக ஓடினால் கேஷில் (பிராசஸருக்குப் பக்கத்தில் உள்ள சிறிய, வேகமான மெமரியில்) முகவரிகள் மோதுகின்றன. 32 கேபி, 8 வழி, 64 பைட் வரி கொண்ட எல்1 கேஷில் 64 தொகுப்புகள் இருக்கும். 4096 பைட் இடைவெளியில் உள்ள எல்லா முகவரிகளும் ஒரே தொகுப்பில் விழும். 512 டபுள்கள் கொண்ட வரிசை சரியாக 4096 பைட். நெடுவரிசையாக இறங்கினால் 32 கேபியில் 8 வரிகள்தான் உங்களுக்குக் கிடைக்கும். இந்த 4096 தற்செயல் அல்ல. பக்கத்தின் அளவும் அதுவே என்பதால், முகவரி மொழிபெயர்ப்பு முடியும் முன்பே கேஷில் தேட ஆரம்பிக்க முடிகிறது.

வரிசையின் அகலத்தை 520 ஆக்கி, கடைசி 8-ஐப் பயன்படுத்தாமல் விடுங்கள். ஒவ்வொரு வரிசையும் அடுத்த தொகுப்புக்குத் தள்ளிப்போகும். இதைக் கம்பைலர் உங்களுக்காகச் செய்யாது, ஏனென்றால் அரே மெமரியில் எப்படி அடுக்கப்படும் என்பது சி மொழி உறுதி கொடுத்த விஷயம். உள், வெளி லூப்களை இடம் மாற்றுவதை மட்டும் சில சமயம் செய்யும். அதையும் நம்பி இருக்காமல் உள் லூப் வரிசை வழியே ஓடும்படி நீங்களே எழுதிவிடுங்கள்.

எதிலும் பொருந்தவில்லை என்றால்

முகவரி ஸ்டாக் பாயிண்டருக்கு ஒட்டிக் கீழே இருக்கிறதா பாருங்கள். இருந்தால் ஸ்டாக் தீர்ந்துவிட்டது. லினக்ஸில் முதன்மை த்ரெட்டுக்கு வழக்கமாக 8 எம்பி, விண்டோஸில் 1 எம்பி. பெரிய உள்ளூர் அரேயை ஹீப்புக்கு மாற்றுங்கள்.

அதுவும் இல்லை என்றால் அட்ரஸ் சானிடைசரோடு கட்டி ஓட்டுங்கள். கம்பைலரே ஒவ்வொரு படிப்புக்கும் எழுத்துக்கும் முன்னால் ஒரு சோதனையைச் செருகும். 8 பைட்டுக்கு 1 பைட் என்ற நிழல் மெமரியில் அந்த இடம் செல்லுமா என்று பார்க்கும். நிரல் சுமார் இரண்டு மடங்கு மெதுவாகும், ஆனால் விழும் இடத்துக்குப் பதிலாகக் கெடுத்த இடத்தைக் காட்டும்.

அட்ரஸ் சானிடைசரும் யுபிசானும் இரண்டும் சுத்தம் என்று சொல்லி, எச்சரிக்கைகள் ஒன்றுகூட இல்லாமல், வேறு கம்பைலரில் சரியாகவும் ஓடினால், அப்போதுதான் நான் கம்பைலரைச் சந்தேகிக்கத் தொடங்குவேன். அந்தக் கட்டத்தில் ஃபங்ஷனைச் சுருக்கிச் சுருக்கி இருபது வரிக்குக் கொண்டுவாருங்கள். ப்ரீபிராசஸ் செய்த கோப்பு, பதிப்பு எண், கொடுத்த கொடிகள், தவறான கட்டளை எது என்ற குறிப்பு ஆகிய நான்கையும் சேர்த்து அந்தக் கம்பைலரின் பிழைப் பதிவில் போடுங்கள்.